நூறு ரூபாய் குறைக்கச் சொன்னவர்

ஸ்ரீரங்கம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுபா அப்பாவுக்கு,

கலைமதி எழுதிக்கொள்வது. நானும் சுபாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். எம்.எல்.ஏ. ஹாஸ்டல் அறையில் எந்நேரமும் நாலு பேர் உங்கள் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். நான் அழுதால் கட்சி முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக் காலை பல்லவன் ரயிலில் நம் ஆபீஸ் ஜெகபர் சாதிக் சென்னை வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

தொகுதி முழுக்க ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டிச் சுவரில்கூடப் பார்த்தேன். ‘உங்கள் எம்.எல்.ஏ. சட்டசபையில் என்ன செய்தார்?’ என்று மேலே பெரிய எழுத்து. எந்த மசோதாவை ஆதரித்தீர்கள், எதை எதிர்த்தீர்கள், எப்போது வெளிநடப்பு செய்தீர்கள் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். உங்கள் படம் மட்டும் பதினைந்து வருஷம் பழையது. மீசை அவ்வளவு கறுப்பு. மூன்றாவது கட்டத்தில், ‘மருத்துவத் துறைக்கு ஒதுக்கிய நிதியைக் குறைக்கச் சொல்லித் தீர்மானம் கொடுத்தார்’ என்று இருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் பால் பூத் வாசலிலேயே பத்துப் பேருக்கு விளக்கம் சொன்னேன். அது வெட்டுத் தீர்மானம். ஒரு துறையைப் பற்றி எதிர்க்கட்சிக்காரர் குறை சொல்ல வேண்டுமானால், அந்தத் துறைக்கு ஒதுக்கியதில் நூறு ரூபாயைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுப்பது வழக்கம். நூறு ரூபாய் குறையவும் போவதில்லை, யாரும் குறைக்கவும் மாட்டார்கள். பேசுவதற்கு அது ஒரு வழி, அவ்வளவுதான் என்றேன். தலையை ஆட்டிக் கேட்டார்கள். ஆனால் ஒரு அம்மா, “பேசணும்னா பேச வேண்டியதுதானே, எதுக்குக் கொறைக்கச் சொல்லணும்?” என்று கேட்டார். பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமையிலிருந்து ஒரு ஆள் சாயங்காலம் ஐந்து மணிக்கு நம் வீட்டுக்கு எதிரே வந்து நிற்கிறார். இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில். ஏழரை வரைக்கும் நிற்கிறார். சட்டைப் பையில் அந்த நோட்டீஸை மடித்து வைத்திருக்கிறார். கத்துவதில்லை, வசை பாடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. வீட்டையே பார்க்கிறார். கத்தினால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. சுபாவை டியூஷனுக்குப் பின்வாசல் வழியாக நானே கூட்டிப் போய்க் கூட்டி வருகிறேன். சித்திரைத் தேருக்கு வெளியூர் ஜனம் வந்து தெருவெல்லாம் கூட்டம். கூட்டத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் போகும்போது சுபாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

யார் என்று சாதிக்தான் விசாரித்துச் சொன்னார். பேர் பிலோமின்ராஜ். திருவெறும்பூரில் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி இங்கே வருகிறார். கேத்தரினின் வீட்டுக்காரர்.

கேத்தரினை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிப்ரவரியில் மனு கொண்டுவந்த பெண். நம் தொகுதி ஆஸ்பத்திரியில் மூன்று டயாலிசிஸ் மெஷினில் இரண்டு ரிப்பேர், வாரம் இரண்டு தடவை கிடைத்தது ஒரு தடவையாகிவிட்டது என்று எழுதியிருந்தாரே. நீங்கள் வீட்டில் இல்லை. நான்தான் மனுவை வாங்கினேன். வீங்கின காலைத் தரையில் ஊன்ற முடியாமல் நம் சோபாவில் உட்கார்ந்திருந்தார். அந்த மனுவை வைத்துத்தான் நீங்கள் வெட்டுத் தீர்மானமே எழுதினீர்கள். கேத்தரின் போன திங்கட்கிழமை இறந்துவிட்டாராம். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாம். தொகுதியில் எந்தச் சாவுக்கும் மாலையோடு போகிற நமக்கு இது தெரியவே இல்லை.

நேற்று நானே தெருவைத் தாண்டி அவரிடம் போனேன். நோட்டீஸில் இருப்பது தப்பு, உங்கள் வீட்டம்மாவுக்காகத்தான் சார் அந்தத் தீர்மானம் கொடுத்தார் என்று எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அப்ப சார் பேசினாராம்மா?” என்றார். பேசினார் என்றேன். “என்ன பேசினாரு? அங்க பேசுறத எல்லாம் எழுதி வைப்பாங்களாமே. எனக்கு அதப் படிச்சுக் காட்டுங்க. அடுத்த சனிக்கிழம வரேன்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். குரலை உயர்த்தவே இல்லை. கையெல்லாம் நெருப்புப் பொறி பட்ட தழும்பு. அந்தக் கையைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

சாதிக்கிடம் அன்றைய அவைக் குறிப்பில் உங்கள் பேச்சின் நகலைக் கொடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்தால் அந்த மனுஷன் அடங்கிவிடுவார். நீங்கள் இந்தத் தெருவில் பயமில்லாமல் நடக்க வேண்டும், எனக்கு அது போதும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
கலைமதி


ஸ்ரீரங்கம்
புதன்கிழமை

சுபா அப்பாவுக்கு,

நேற்று முன்தினம் போனில் பேசினீர்கள். போலீசில் சொல்லி இரண்டு பேரை வாசலில் போடச் சொல்கிறேன் என்றீர்கள். நகலைக் கேட்டேன். பார்க்கலாம் என்று வைத்துவிட்டீர்கள். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. போலீஸ்காரர்கள் வந்தார்கள். நான் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஏன் என்று இதைப் படித்தால் தெரியும்.

சாதிக் இன்று வந்துவிட்டார். சோபா நுனியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். அன்று சபை கூடின கொஞ்ச நேரத்திலேயே உங்கள் தலைவருக்கு மைக் கொடுக்கவில்லை என்று கட்சியோடு எல்லாரும் வெளிநடப்பு செய்துவிட்டீர்களாம். திரும்ப உள்ளே போகவில்லையாம். வெட்டுத் தீர்மானங்களின் பட்டியலில் உங்கள் பேர் இருக்கிறது. ‘டயாலிசிஸ் இயந்திரங்கள் பழுது நீக்கப்படாமை’ என்று ஒரு வரியும் இருக்கிறது. பேச்சு இல்லை. மத்தியானம் உங்கள் முறை வந்தபோது நாற்காலி காலி.

அன்று ராத்திரி நீங்கள் எனக்குப் போன் செய்து, “நல்லாப் பேசிட்டேன் கலை, கவனிக்கிறேன்னு அமைச்சரே சொல்லிட்டாரு” என்றீர்கள். பேச முடியவில்லை என்று சொல்ல உங்களுக்கு என்ன கஷ்டம்? நான் என்ன நிருபரா? கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். தேர்தலில் தோற்றபோதுகூட உங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லையே. என்னிடம் எதற்கு ஜெயித்துக் காட்டினீர்கள்?

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் அப்படிப் போனில் சொன்னதற்கு மறுநாள் காலை கேத்தரின் எனக்குப் போன் செய்தார். தஞ்சாவூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு தடவைக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும், வீட்டுக்காரர் வேலையை விட வேண்டியிருக்கும், “போகட்டுமா அக்கா, இல்ல இங்கயே மெஷின் வந்துருமா?” என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சார் பேசிட்டாரு, அமைச்சரே சொல்லிட்டாரு, ஒரு பத்து நாள் பொறுத்துக்கங்க” என்றேன். பெருமையாகச் சொன்னேன். சரிக்கா என்று போனை வைத்தார். தஞ்சாவூர் இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பத்தொன்பதாம் நாள் இறந்துவிட்டார்.

இது பிலோமின்ராஜுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துதான் வந்து நிற்கிறாரோ? உங்களைத் தேடி வருகிறார் என்று நினைத்து நான் உங்களுக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாரோ என்று இப்போது நினைக்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போது, கோலம் போடும்போது, சுபாவுக்குத் தலை வாரும்போதெல்லாம் ‘பொறுத்துக்கங்க’ என்ற அந்த வார்த்தைதான் காதில் கேட்கிறது.

சாதிக் நல்ல மனுஷர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். நீங்கள் பேசுவதற்காக எழுதி வைத்த பேச்சு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு பக்கம் இருக்கிறதாம். “அதையே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துரலாம்மா. அவர் போய் அவைக் குறிப்பையா தேடப் போறாரு?” என்றார். பிரிண்ட் எடுத்து மேசை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். காலை ஊன்ற முடியாத ஒரு சகோதரி என் வீட்டு வாசலுக்கு வந்தாள் என்று ஆரம்பிக்கிறது. இதைச் சத்தமாகச் சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்திருப்பார். சாதிக்கிடம் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, தனியார் டயாலிசிஸ் மையங்கள் வாங்கும் கட்டணத்துக்கு வரம்பு வைக்கிற மசோதா வருகிறது என்று சாதிக் சொன்னார். ஆதரிக்கவும் மனமில்லாமல் எதிர்க்கவும் துணிவில்லாமல் உங்கள் கட்சி அதற்கும் வெளிநடப்பு செய்யப் போகிறதாம். குரல் வாக்கெடுப்பில் யார் ஆம் சொன்னார், யார் இல்லை சொன்னார் என்று யாருக்கும் தெரியாது, நான் சில சமயம் வாயை மட்டும் அசைப்பேன் என்று ஒரு தடவை சொல்லிச் சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது. இந்த ஒரு தடவை எழுந்து போகாதீர்கள். உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்குக் கேட்கிற மாதிரி ஆம் என்று சொல்லுங்கள். கொறடா சும்மா விடமாட்டார், பதவியே போகலாம். எனக்கு அதுவும் பயம்தான், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே ரயில் ஏறிவிடுங்கள். கொடி கட்டின கார் வேண்டாம், கூட யாரும் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வருவார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, நீங்கள் பேசவில்லை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பொறுக்கச் சொன்னது நான் என்பதை நான் சொல்கிறேன். அவர் என்ன செய்தாலும் செய்யட்டும்.

நீங்கள் வராமல் போனால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் எதிரே உட்கார்ந்து, என்னம்மா பேசினாரு என்று கேட்பார். நான் அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து, குரல் நடுங்காமல், கடைசி வரி வரைக்கும் அவருக்குப் படித்துக் காட்டிவிடுவேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

என்னை அதற்கு விட்டுவிடாதீர்கள். ரெங்கநாதர் உங்களை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கலைமதி