சிவப்பு ஊசி

நவம்பர் 12, செவ்வாய்

என் வீட்டுக்காரருடைய ரத்தப் பரிசோதனை முடிவு இன்று வந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கொஞ்ச நாளாகவே பாதம் மரத்துப் போகிறது. பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்பதே தெரியவில்லை என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "வைட்டமின் பி ட்வெல்வ் நல்லாவே இருக்கு. சத்து ஊசி, மாத்திரை ஏதாவது எடுத்தீங்களா?" என்று கேட்டார். இவர் இல்லையென்று தலையாட்டினார். அப்படியானால் மரப்புக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்று இன்னொரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

படியிறங்கும்போது இவருக்குச் சிரிப்பு. "டெஸ்டுக்கு மொத நாளே கம்பவுண்டராண்ட செவப்பு ஊசி போட்டுகினேன். இல்லாங்காட்டி கம்மியா காட்டும், கம்பெனில வண்டிய வுட்டே எறக்கிருவானுங்க."

எங்கள் தெருவில் உடம்பு அசந்தால் எல்லோரும் போட்டுக்கொள்வது அந்த பி ட்வெல்வ் ஊசிதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரோடென்றும் பார்க்கவில்லை.

"ஊசி மருந்துதான்யா ரத்தத்துல கீது. அத்த பாத்துட்டு அந்தம்மா நல்லா கீதுன்னு சொல்லுது. கால்ல கீற மரப்பு எங்கயா போச்சு? வா, போய் உண்மைய சொல்லு."

"சும்மா கெட, பேஜாரு பண்ணாத."

சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்பினார். கதவைச் சாத்தப் போனேன். அவருடைய ஒரு செருப்பு வாசற்படியிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். தெருமுனையில், ஒரு கால் வெறுங்காலாக, தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். நான் செருப்பை நீட்டிய பிறகுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இந்நேரம் கிரேன் மேலே இருப்பார்.