கடைப் பலகையில் என் பெயர்

அன்பு மகன் லையனலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கர்த்தருடைய தயவால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே கனடாக் குளிருக்கு ஈடுகொடுத்து நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு இருமல் விட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது, அதில் உனக்கும் பங்குண்டு. போன வாரம் தொலைபேசியில், "அவருதான் மன்னிப்பு கேட்டுட்டாரே, விடும்மா, ஒரு வார்த்தைதானே" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஒரு வார்த்தையா? நம் ஊரில் ஆப்பிளில் கைவைக்கிறவனுக்கு என்ன பேர், மறந்துவிட்டதா? ஸ்க்ரம்பர். நீ கால்சட்டை கிழிய மதிலேறிக் குதித்த அன்று, ஆப்பிள் தோட்டத்துக் கிழவர் ஜெஃப்ரி தடியோடு நம் வாசலுக்கு வந்து, "உங்க வீட்டு ஸ்க்ரம்பர் வந்துட்டானா?" என்று அதட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே டீ குடித்துப் போனார். அந்தச் சொல்லில் செல்லமும் உண்டு. திருடன் என்கிற 'தீஃப்' அப்படியா? பக்கத்து வீட்டுப் பெஸ்ஸியின் புருஷன் சவப்பெட்டியில் கிடக்கும்போதே அவன் கைக்கடிகாரத்தை அடித்துக்கொண்டு போனானே ஒருத்தன், அவனைத்தான் நம் ஊர் அப்படிச் சொன்னது. அப்புறம் தேவாலயத்தில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை, ஊரைவிட்டே போனான். அந்தப் பட்டத்தைத்தான் தோட்டத்தைப் புதிதாக வாங்கிய லண்டன்காரர் ஹார்க்ரீவ் எனக்குச் சூட்டினார்.

அப்படி என்ன செய்துவிட்டேன்? பறிப்பு முடிந்தபின் கிளையில் விட்டுவைக்கும் குட்டிப் பழம் ஊருக்கு என்பது என் மாமியார் காலத்துக்கும் முந்தின வழக்கம். தோட்டம் கைமாறினால் வழக்கமும் மாறும் என்று யார் கண்டது, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நான் பாட்டுக்குக் கூடையோடு போய்ப் பறித்ததை அவர் பார்த்துவிட்டார். மறுநாள் தபாலாபீஸ் கடைப் பலகையில் என் பெயரைப் போட்டு, கீழே 'தீஃப்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய சீட்டை ஒட்டிவிட்டார். ஜெல்லி காய்ச்சுகிற பழத்துக்காக, லையனல்! பாதிரியார் வேறு வந்து, "தப்பா நெனச்சுக்காதீங்க, பேச்சு அடங்குற வரைக்கும் தேவாலயச் சாவி என்கிட்ட இருக்கட்டுமே" என்று இழுத்தார். பீடத்து வெள்ளிப் பாத்திரங்களை வருஷக்கணக்காகத் துலக்கின கை இது. சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

நன்றாகக் காய்க்கட்டும் என்று ஜனவரியில் தகரத்தைத் தட்டிப் பாடி ஆப்பிள் மரங்களை எழுப்புவோமே, அதற்கு ஹார்க்ரீவ் ஊரையே கூப்பிட்டிருந்தார். ஊரும் தகரமும் சட்டியுமாகப் போனது, ஆனால் படலைத் தாண்டி ஒரு கால் உள்ளே போகவில்லை. ஏன் என்று அவர் கேட்டதற்குப் பெஸ்ஸி, "எடித் திருடின்னா நாங்க அத்தன பேரும் திருடங்கதான் சார், திருடங்கள உள்ள விடலாமா?" என்றாளாம். பாடாமலே எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் மனிதர் நம் சமையலறையில் வந்து நின்றார், தொப்பி கையில். சீட்டைக் கிழித்துவிட்டேன், வழக்கம் தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்றார். அப்பாகூட, "போதும் எடித், இவ்வளவு தூரம் வந்து கேக்குறாருல்ல" என்றார். நான் விடவில்லை. "ஊரே பாக்குற எடத்துல திருடின்னீங்க, மன்னிப்ப மட்டும் என் அடுப்படியில கேக்குறீங்களா? அங்க போய்ச் சொல்லுங்க" என்றேன். முகம் சிவக்கக் கிளம்பிப் போய்விட்டார். பாதிரியார் நேற்று சாவியைத் திருப்பிக் கொண்டுவந்தார், வாங்க மறுத்துவிட்டேன். ஹார்க்ரீவ் முதலில் கடைவாசலில் வாயைத் திறக்கட்டும்.

மருமகளுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்ளச் சொல். உங்கள் இருவருக்கும் கர்த்தருடைய காவல் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
யாருடையதையும் திருடாத உன் அம்மா,
எடித்