ஒட்ட வெட்டிய சட்டை

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அக்காவும் சுகம். அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நான் திட்ட ஆரம்பிப்பேன், நீ சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் ஐந்தாவது படித்த கையை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நல்ல சேதி. உன் அக்கா, நம்ம பூசணி, இளைத்துவிட்டாள். கண்ணால் பார்த்தால்தான் நம்புவாய். நாலு மாதத்தில் மூன்று தடவை அவள் சட்டையைப் பிரித்து இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்திருக்கிறேன். காலையில் எழுந்து மைதானத்துக்கு நடக்கப் போகிறாளே, அதன் பலன். செருப்புக்கடையில் இத்தனை வருடமும் அவளைப் பின்பக்கக் கிடங்கில்தான் வைத்திருந்தார்கள், ஏணியில் ஏறிப் பெட்டி எடுத்துப் போடுகிற வேலை. இப்போது முதலாளியே கூப்பிட்டு முன்னால் நிற்கச் சொல்லிவிட்டார். "இப்பதாம்மா நீ கடையில நிக்கிற ஆள் மாதிரி இருக்க" என்றாராம். அதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

இந்தத் தடவை பிடித்த இடத்தில் மிச்சத் துணியைக் கத்தரித்துப் போட்டுவிட்டேன். உள்ளே துணி இருந்தால்தானே திரும்பப் பிரித்துவிடச் சொல்லத் தோன்றும்? "இனிமே நீ குண்டானா துணியில்லாமத்தான் வேலைக்குப் போகணும்" என்றேன். சிரித்தாள்.

சாப்பாடும் பாதியாகிவிட்டது. நாலு வாய் வைத்துவிட்டு வயிறு நிறைந்துபோச்சு என்று கையைக் கழுவுகிறாள். இந்தப் புத்தி பத்து வயதிலேயே வந்திருந்தால் ஊர் வாயில் விழுந்திருக்க வேண்டாம். முதுகு வலிக்கிறது என்கிறாள். இத்தனை நாள் அசையாத உடம்பு அசைந்தால் வலிக்காதா?

இனி உன் கதை. விடுதிச் சீருடையில் நிற்கிற படம் அனுப்பியிருந்தாய். பின்னால் கதவு இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கதவு தெரியவில்லை, நீதான் தெரிகிறாய். அத்தனை படுக்கைக்கு விரிப்பு மாற்றுகிறேன், அத்தனை மாடி ஏறுகிறேன் என்கிறாயே, அதெல்லாம் எங்கே போகிறது? உடம்பு நாய் மாதிரியடி. அதட்டி வைத்தால் காலடியில் கிடக்கும், கொஞ்சினால் தலைமேல் ஏறும். அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள். இந்தக் கடிதத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து தினமும் படி.

அடுத்த வருடம் பாதியாக இளைத்து நீ வந்து நிற்க வாழ்த்தும்,
அம்மா


அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். அக்காவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு மாதத்துக்குமுன் அவளைப் பற்றிப் பெருமையாக எழுதினேன் அல்லவா, என் வாயே பட்டுவிட்டது. மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். முகமும் கையும் குச்சியாகத்தான் இருக்கிறது, வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது. கடையில் ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்று நினைக்கிறேன். கேட்டால் இல்லை என்று சத்தியம் செய்கிறாள். காற்றைக் குடித்தா வயிறு வரும்?

முந்தாநாள் சட்டைப் பொத்தான் தெறித்துத் தையல் மெஷினுக்கு அடியில் ஓடியது. பிரித்துவிடு அம்மா என்றாள். பிரித்துவிட உள்ளே துணி இல்லை. இருந்திருந்தாலும் பிரித்திருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டட்டுமா என்று கேட்டாள். "போனதும் மொதல்ல எடை மெஷின்லதான் ஏத்துவாங்க. நர்ஸ் வராண்டா முழுக்கக் கேக்குற மாதிரி நம்பரைக் கத்துவா. அஞ்சு கிலோ கொறச்சிட்டு மானத்தோட போ" என்றேன். சரி என்று தலையாட்டினாள். இப்போது சாயங்காலமும் நடக்கப் போகிறாள், இரவுச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். ரோசக்காரி. அதை மட்டும் பாராட்டத்தான் வேண்டும்.

நீ ஒழுங்காக இருக்கிறாயா? படம் அனுப்பு. பக்கவாட்டில் நின்று எடுத்து அனுப்பு.

அம்மா


என் சின்னவளுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இன்றைக்கு வெள்ளி. நாலு நாளாகப் படிப்பதும் மடிப்பதுமாக இருந்தேன். அக்கா போன எட்டு மாதத்தில் நீ எழுதிய முதல் கடிதம் இது. லீவு கிடைக்காமல் நீ அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். யார் யாரிடம் கேட்பது என்று ஒரு கணக்கு உண்டு. அதை விடு.

விடிகாலையில் ஓடப் போகிறேன், ஏழு கிலோ குறைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை அசதியில் படுத்துவிட்டேன், நான் ஒரு எருமை, எனக்கெல்லாம் சோறு ஒரு கேடா என்று எழுதியிருக்கிறாய். உன் பழைய கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன், அதைப் படித்தால்தான் கால் கிளம்புகிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்கப்புறம் கடைசியில், போகிறபோக்கில், நாலு மாதமாக விலக்கு ஒழுங்கில்லை, வந்தால் பன்னிரண்டு நாள் நிற்பதில்லை, மாடி ஏறினால் கண் இருட்டுகிறது, இன்னும் பத்து கிலோ குறைத்துவிட்டு டாக்டரிடம் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

அந்த வரியைப் படித்ததும் மெஷினை நிறுத்தினேன். இன்னும் ஓட்டவில்லை.

உனக்கு நான் போனில் சொன்னது வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்பது மட்டும்தான். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

கடையில் மயங்கி விழுந்த பிறகுதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வராண்டாவில் எடை மெஷின். நிற்க முடியாதவள், அதில் ஏறுவதற்குமுன் செருப்பைக் கழற்றினாள். கடிகாரத்தைக் கழற்றினாள். தலையில் இருந்த கிளிப்பைக்கூட எடுத்து என் கையில் கொடுத்தாள். நர்ஸ் கத்தினாள், ஐம்பத்தி நாலு என்று. அக்கா திரும்பி என் காதில், "அம்மா, அம்பத்தி நாலு" என்றாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

உள்ளே ஒரு பெண் டாக்டர், உன் வயது இருக்கும். எப்போதிலிருந்து இளைக்க ஆரம்பித்தார்கள் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேனடி. ஏழெட்டு மாதமாக டாக்டர், நன்றாக நடக்கிறாள், சாப்பாட்டையும் குறைத்துவிட்டாள் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அது நடந்து எளச்சது இல்லம்மா" என்றார். வயிற்றில் இருந்ததும் சதை இல்லை, நீர். குழாய் வைத்து எடுத்தார்கள். பாட்டில் நிறைந்து இன்னொரு பாட்டில் மாட்டினார்கள். நான் தினமும் திட்டிய தொப்பை அந்தப் பாட்டிலில் இருந்தது. முதல் தடவை பசியில்லை, முதுகு வலி என்று சொன்னபோதே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்தது.

அவளைக் குளிப்பாட்டிய பிறகு போட்டுவிட ஒரு சட்டை இல்லை. வயிறு மறுபடி நிறைந்துவிட்டது. பத்துச் சட்டை நான் தைத்தது அலமாரியில் தொங்கியது, பத்திலும் உள்ளே ஒரு நூல் துணி கிடையாது. ஊரார் பிள்ளைக்கெல்லாம் வளர்கிற உடம்பு என்று இரண்டு விரல் உள்ளே விட்டுத் தைத்தவள் நான். கடைசியில் அவளுக்குப் பிடித்த நீலச் சட்டையை எடுத்து முதுகில் மேலிருந்து கீழே வெட்டி, முன்னால் போட்டு, இரண்டு பக்கமும் செருகிவிட்டேன். தையல்காரி மகள் அப்படித்தான் போனாள்.

எதிர்வீட்டுக்காரி வந்து, "நல்லதுக்குத்தானக்கா சொன்னீங்க" என்கிறாள். இல்லை. அது பொய். என் வீட்டு வாசலில் அளவு கொடுக்க வருகிறவர்கள் அவளைப் பார்ப்பார்கள், அப்புறம் சுவரில் மாட்டியிருக்கும் என் தையலைப் பார்ப்பார்கள். இவள் மகளுக்கே சட்டை நிற்கவில்லையே என்று நினைப்பார்களோ என்று எனக்கு அவமானம். அவ்வளவுதான் விஷயம். யாரும் என்னைச் சின்ன வயதில் அப்படிப் பேசியதில்லை, சாக்குச் சொல்ல எனக்கு ஒரு மாமியார்கூட வாய்க்கவில்லை. பூசணி என்ற பேரையும் நான்தான் வைத்தேன். அப்போது அவளுக்கு ஆறு வயது. தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று ஓடிவந்தாள்.

போன மாதம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். காக்கிச் சட்டை, கைலேஞ்சியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசுகிற ஆள். மைதானத்தில் அக்காவோடு நடந்த நாலு பேரில் ஒருவர். "எட்டோட அம்மாவா நீங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அங்கே அவளுக்கு அதுதான் பேராம். மற்றவர்கள் நாலு சுற்று வந்து புல்லில் உட்கார்ந்துவிடுவார்களாம், அவள் எட்டுச் சுற்று முடிக்காமல் உட்கார மாட்டாளாம்.

இளைத்த பிறகா என்று கேட்டேன். "ஐயோ, எளைக்கிறதுக்கு முன்னாடிங்க. நல்லா வாட்டசாட்டமா இருக்கும்போதுதான் ராணி மாதிரி நடப்பா. எங்க கூட்டத்துல ஒருத்தி வந்ததும் வராததுமா எடை என்ன, இடுப்பு என்னன்னு ஆரம்பிப்பா. உங்க பொண்ணு, 'இந்த ஒரு மணி நேரம்தான் இந்த ஒடம்பு என்னோடதா இருக்கு, இங்கயும் அத வித்துடாதீங்க'ன்னு ஒரு தடவை சொன்னா. அதோட அந்தப் பேச்ச நிறுத்திட்டோம்" என்றார்.

அவள் இளைக்கத்தான் நடக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நடப்பது பிடித்திருந்தது. என் மகளைப் பற்றி இந்த ஒரு விஷயத்தை பஸ் ஓட்டுகிற அம்மா சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார், எனக்கு வலிக்கும் என்று தெரியாமல்தான் சொன்னார். "கடைசியில ரெண்டு சுத்துக்கே மூச்சு வாங்குச்சு. டாக்டரப் பாருடின்னு நாங்க நாலு பேரும் சொன்னோம். அம்மா அஞ்சு கிலோ கொறச்சிட்டுப் போகச் சொல்லியிருக்காங்கன்னா. என்ன அஞ்சு கிலோ கணக்கோ தெரியல." நான் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

இப்போது என்னையும் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். முழங்கால் ஒத்துழைக்காமல் ஒரு சுற்றோடு உட்கார்ந்துவிடுகிறேன். அதனால் எனக்கு ஒண்ணு என்று பேர். "ஒண்ணு வந்துட்டாங்க, இனிமே நமக்கெல்லாம் மரியாதை" என்று கேலி செய்கிறார்கள். நின்றால் நிற்க விடுகிறார்கள், வராத நாளில் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. மறுநாள் இடம் அப்படியே இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் அது, அதுவும் மகளைக் கொடுத்து வாங்கியது.

சின்னவளே, நீ ஓடு. உனக்குப் பிடித்திருந்தால் ஓடு, பிடிக்காவிட்டால் படுத்துத் தூங்கு. தூங்கியதற்கு எருமை என்று எழுதாதே. அந்த வார்த்தை உன்னுடையது இல்லை. உன் கடிதம் முழுக்க உன் கையெழுத்தில் நான் எழுதியது மாதிரி இருக்கிறது. கண்ணாடியில் இருப்பதைக் கிழித்து எடு. கையால் கிழிக்க மனம் வராவிட்டால், ஒரு கொலைகாரி எழுதியது என்று நினைத்துக்கொள், கிழிக்க வரும்.

இந்தக் கடிதத்தைப் படித்த மறுநாளே டாக்டரிடம் போ. இருக்கிற உடம்போடு போ. ஒரு கிலோகூடக் குறைக்காதே, என்மேல் ஆணை. நர்ஸ் கத்தினால் கத்தட்டும், கத்துவது அவள் வேலை. நிற்காமல் போகிறது, கண் இருட்டுகிறது, அக்கா இப்படிப் போனாள், மூன்றையும் சொல். இளைத்தால் சரியாகிவிடும் என்று அந்த டாக்டர் பார்க்காமல் சொன்னால் எழுந்து அடுத்த டாக்டரிடம் போ. நம் வீட்டில் ஒருத்தி இளைத்துப் பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டுப் போ.

கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். அம்மா வந்திருக்கிறாள், வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல். போகும்போது போனில் சொல். அன்றைக்கு நான் வேலைக்கு உட்கார மாட்டேன், மனசால் அந்தப் பெஞ்சில்தான் இருப்பேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து பதில் போடு. எடையை எழுத வேண்டாம். டாக்டர் சொன்னதை மட்டும் எழுது. கோபம் இருந்தால் அதையும் எழுது, எத்தனை பக்கம் ஆனாலும் படிப்பேன்.

நீ எப்படி இருந்தாலும் சரி, இரு. இருந்தால் போதும் என்று உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்ளும்,

அம்மா