இடது கால் ஷூக்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் காய்ச்சல் சளி என்று எதுவும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புகிறேன் என்று எழுதும்போதே பாதி நம்பிக்கைதான் வருகிறது, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இந்தக் கடிதம் வந்த பெட்டிக்குள் பழைய போர்வையில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன், அதை இப்போது பிரிக்காதே, முதலில் உட்கார்ந்து இதைப் படி. ஃபோன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடிதம் வேண்டியிருக்கிறது என்று நினைப்பாய். ஃபோனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ அதற்கு மூன்று பதில் வைத்திருப்பாய், இந்தப் பக்கம் உன் தம்பி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்பான். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அவனும் உன் அப்பாவும் தூங்கிவிட்டார்கள், அல்லது தூங்குகிற மாதிரி இருக்கிறார்கள், இந்த வீட்டில் இப்போது எதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், எனக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம். உன் தம்பிக்கு மோட்டார் சைக்கிள் வேண்டுமாம். பதினெட்டு முடிந்த கையோடு லைசென்ஸ், லைசென்ஸ் கையில் வந்ததும் வண்டி. நேராக வந்து கேட்டிருந்தால் நானும் நேராக முடியாது என்று சொல்லி அன்றைக்கே கதையை முடித்திருப்பேன். அவன் நேராக வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் நான் சொல்லாமலே பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்தான், எனக்கு அப்போதே சந்தேகம். அடுத்து, காய்ந்த துணியை எடுத்து மூலைக்கு மூலை சேர்த்து மடித்தான். லிஃப்ட் நின்றுபோன அன்று மேல்மாடிக்காரருடைய தண்ணீர்க் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தானாம், மறுநாள் அவர் படியில் என்னை நிறுத்தி, "பையனுக்கு உடம்புகிடம்பு சரியில்லையாம்மா" என்று கேட்டார். அதற்கப்புறம் பேப்பர் வாசிக்க ஆரம்பித்தான். வாழ்நாளில் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டாதவன் எங்கோ பஸ் பள்ளத்தில் இறங்கியதைத் தேடிப் பிடித்து நான் தேநீர் குடிக்கும் நேரமாகப் பார்த்துச் சத்தமாக வாசிக்கிறான், வாசித்துவிட்டு "பாவம்மா, எல்லாரும் பஸ்லதான் போயிருக்காங்க" என்கிறான். அப்படியானால் நீ நடந்தே போ என்று சொன்னேன். உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்று பார்த்தால் சிரிக்கிறான், யாரோ முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அம்மா இப்படிச் சொன்னால் கோபப்படாதே, சிரி என்று.

யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்றுதான் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். முதலில் அவன் கேட்டது ராட்சசன் மாதிரி ஒரு சிவப்பு வண்டி, படத்தைக் காட்டியபோதே எனக்குத் தலை சுற்றியது. நான் கத்தி முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, "சரிம்மா, உனக்காக அத விட்டுடறேன், இதுன்னா பரவால்லையா" என்று சின்னதாக, சாதுவாக இன்னொரு வண்டியின் படத்தை எடுத்துக் காட்டுகிறான், எனக்கும் ஒரு நொடி அப்பாடா என்றுகூட இருந்தது, அதற்கப்புறம்தான் சுருக்கென்றது. கடல் தாண்டிப் போய்ப் படிக்கிறேன் என்று ஒரு மாதம் அழுது, பிறகு போனால் போகிறது என்று இதே தேசத்தில் இரண்டு ராத்திரி ரயிலில் போகிற ஊருக்கு எங்களிடம் சம்மதம் வாங்கியவள் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, "கொள்கையளவுல எதிர்ப்பு இல்லைன்னா மட்டும் சொல்லும்மா, மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்கிறான். கொள்கை என்று எழுதச் சொன்னால் இரண்டு தப்பு விடுகிற பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது. உன் வாய் எனக்குத் தெரியாதா, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்தவள் நான்.

இவனையாவது விட்டுவிடலாம், உன் அப்பா இருக்கிறாரே. மின்விசிறி எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்குக்கூடத் தனி அபிப்பிராயம் வைத்திருக்கிற மனிதர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு "நீ என்ன சொல்றியோ அதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார். நாள் முழுக்க நில அளவை அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்க்கிறவர், தெருமுனைக் கடைக்குப் போகச் சொன்னால் முட்டி வலி என்பவர், கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனோடு நடைப்பயிற்சிக்குப் போகிறார். போய்விட்டு வந்து வாசலில் ஷூவைக் கழற்றும்போது இரண்டு பேர் முகத்திலும் ஒரு திருட்டு வெளிச்சம். கடன்கிடன் வாங்கிவிட்டார்களா, எனக்குத் தெரியாமல் வண்டியே வாங்கி எங்காவது நிறுத்தியிருக்கிறார்களா என்றெல்லாம் எனக்குப் போகாத இடமில்லை. உனக்குத்தான் என் வேலை தெரியுமே, என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே நான் அவர்கள் செருப்பைப் பார்த்துவிடுவேன், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே இடுப்பு எப்படிச் சாய்கிறது, முட்டி எப்படி மடங்குகிறது என்று பாதி புரிந்துவிடும். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் ஷூவைக் கேட்கவே வேண்டாம், கியரை மேலே போட இடது கால் விரலால் தூக்கித் தூக்கி, விரல்களுக்கு மேலே அந்த ஒரு காலில் மட்டும் பிறை மாதிரி ஒரு தடம் விழுந்திருக்கும். போன வாரம் வாசலில் பெருக்கும்போது உன் தம்பியின் பள்ளிக்கூட ஷூவை நகர்த்தினேன். வலது கால் பளபளவென்று இருக்கிறது, இடது காலில் பாலீஷ் போய்த் தோல் வெளுத்திருக்கிறது. கையில் துடைப்பத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படியே பக்கத்தில் பார்த்தால் உன் அப்பாவின் பழுப்பு ஷூ, இடது காலில் அதே இடத்தில் அதே பிறை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நானும் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன், வெயிலும் இல்லை மழையும் இல்லை, முகத்தை மறைக்கத்தான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கிறதே சாமான் கிடங்கு, அதன் பின்னால் சிமென்ட் போட்ட திடல். மதிலில் இருந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். நான் நினைத்துக்கொண்டு போனது அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று. அங்கே வண்டிமேல் உட்கார்ந்திருந்தது உன் அப்பா. உன் தம்பி பக்கத்திலேயே ஓடிக்கொண்டு "கிளட்ச்ப்பா, கிளட்ச், பிரேக்க விடுங்க, ஐயோ அந்தக் கை இல்லப்பா" என்று தொண்டை கிழியக் கத்துகிறான், வண்டி இருமி இருமி நிற்கிறது, "நீ பின்னாலயே கத்தினா எனக்கு எப்படிடா வரும்" என்று இவர் அதட்டுகிறார். ஓரத்தில் ஒருவன் கால் நீட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், தூண் என்று கூப்பிடுவார்களே இவன் வகுப்பு நெட்டையன், வண்டி அவனுடைய அண்ணனுடையதாம். அடுத்த தடவை வண்டி நிற்காமல் திடலைச் சுற்றி வந்தது. உன் அப்பா வாய்விட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. சம்மதம் சொல்ல வேண்டியவரை எப்படித் தன் பக்கம் இழுத்திருக்கிறான் பார்த்தாயா, அதுவும் உன் யோசனையாகத்தான் இருக்கும். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. அங்கே இருந்தது ஒரே ஒரு ஹெல்மெட். அதை அப்பா தலையில் மாட்டி, மோவாய்க்குக் கீழே வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து இறுக்கிவிட்டான். அப்புறம் அவர் இறங்கி இவன் ஏறினான். அப்பாவுக்கு அதைக் கழற்றத் தெரியவில்லை, இவன் காத்திருக்கவும் இல்லை, வெறுந்தலையோடு ஒரு சுற்று போய் வந்தான். நான் உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேட்டேன். "ரொம்ப தூரம்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அன்றைக்கே நான் போட்டு உடைத்திருப்பேன். கோபத்தில் வாயைத் திறந்தால் முடியாது என்பதைத் தவிர வேறொன்றும் வராது என்று அடக்கிக்கொண்டேன். மறுநாள் வேலைக்குப் போனால், தொடையில் கம்பி வைத்த ஒரு பையன் கொஞ்ச நாளாக என்னிடம் நடை பழகுகிறான், இவன் வயதுதான், வண்டியில் போய் விழுந்தவன். அவன் கால் சரியாகிவிடும், அதில் எனக்குப் பயமில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாதான் வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் யார் வந்தாலும் ஒன்றையே சொல்கிறாள், "இவனுக்கு வண்டி ஓட்டத் தெரியும்னே எனக்குத் தெரியாதுங்க." விழுந்ததைச் சொல்வதில்லை, ஆபரேஷனைச் சொல்வதில்லை, அதை மட்டும்தான். இத்தனை நாள் அதை ஒரு காதில் வாங்கி விட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவன் இரண்டு பக்கமும் உள்ள கைப்பிடிக் கம்பிகளைப் பிடித்து நடக்க நான் பின்னால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு போகும்போது அவள் குரல் வெளியிலிருந்து கேட்டது. நான் முடியாது என்று சொல்வதால் இவன் ஓட்டாமல் இருக்கப் போவதில்லை, என்னிடம் சொல்லாமல் ஓட்டுவான், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த பெஞ்சில் நான் உட்கார மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது மேஜையில் தட்டு வைக்கவில்லை, பேப்பரை விரித்து இரண்டு இடது கால் ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். உன் அப்பாதான் முதலில், "மழைல நனைஞ்சு கறுத்துப்போச்சு" என்றார். உன் தம்பி தலையைக் குனிந்துகொண்டே "அப்பா, விடுங்க" என்றான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, வெளியே விடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். லைசென்ஸ் வரும் வரை அந்தத் திடலைத் தாண்டி ஒரு அடி வெளியே போகக் கூடாது. வந்த பிறகு அந்தச் சின்ன வண்டி, சிவப்பு ராட்சசன் இல்லை. தலையில் ஹெல்மெட் இல்லாமல் சாவியைத் தொடக் கூடாது, அப்பாவுக்கும் சேர்த்துத்தான். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், எனக்குப் பிடிக்காத இடமாக இருந்தாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும், நான் கத்துவேன், கத்தினால் கத்திவிட்டுப் போகிறேன். உன் தம்பி கொள்கையளவில் என்று ஆரம்பித்தான், அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னால் பஸ்தான் என்றேன். அவன் எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான், எப்போது இவ்வளவு உயரமானான் என்று தெரியவில்லை, குனிய வேண்டியிருக்கிறது அவனுக்கு.

இன்றைக்குச் சாயங்காலம் வேலை முடிந்து கடைக்குப் போனேன். இவர்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஹெல்மெட் கேட்கத்தான் போனேன். கடைக்காரர் எடுக்க உள்ளே போயிருந்தபோது சும்மா இருக்காமல் ஃபோனில் நீ போன மாதம் அனுப்பிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், படிப்புக்காகப் போன கட்டட வேலை நடக்கிற இடத்தில் தோழிகளோடு நிற்கிறாயே, அது. முகம் வாடியிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன், முகம் நன்றாகத்தான் இருக்கிறது. கை சும்மா இருக்காமல் படத்தைக் கீழே தள்ளியது. நான் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. வலது கால் வெள்ளையாகத்தான் இருக்கிறது. இடது காலை நீயே குனிந்து பார்த்துக்கொள். இரண்டு பஸ் மாறி அலைந்து தினமும் நேரமாகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவள் கொஞ்ச நாளாகச் சீக்கிரம் போய்விடுகிறேன் என்று சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும். வண்டி யாருடையது, எப்போது பழகினாய், யார் பின்னால் உட்காருகிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். இன்னொன்று கொடுங்கள் என்றேன். அளவு என்ன என்று கேட்டார். என் தலைதான் அவளுக்கும் என்று சொல்லி நானே போட்டுப் பார்த்து வாங்கினேன்.

இப்போது போர்வையைப் பிரிக்கலாம். என் சந்தேகம் தப்பாக இருந்தால் அதில் வெங்காயம் போட்டு வைத்துக்கொள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். சரியாக இருந்தால் திட்ட மாட்டேன், எழுது, ஃபோனில் வேண்டாம், உடனே ஒரு பதில் தயாராகிவிடும், யோசித்து எழுது. வாரை மோவாய்க்குக் கீழே ஒரு விரல்தான் நுழைகிற மாதிரி இறுக்கு, கண்ணாடி முன்னால் நின்று பார். உன் அப்பாவுக்கு உன்னைப் பற்றி இன்னும் சொல்லவில்லை, சொன்னால் பயப்படுவாரா இல்லை பாடம் கேட்பாரா என்று தெரியவில்லை. நீ எங்கே போனாலும் போன காலோடு பத்திரமாகத் திரும்பி வரவேண்டும், நன்றாக இரு, நிறைய நாள் இரு. அந்த ஷூவை மட்டும் துவைத்துவிடாதே, அடுத்த படத்தில் எனக்கு அது தெரிய வேண்டும்.

விழித்துக்கொண்டே இருக்கும்,
அம்மா