வேலிக்கு அந்தப் பக்கத்துத் தக்காளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம், என் தக்காளியைத் தவிர எல்லாமும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த ஆய்வுக்கூடத்தில் பூஞ்சைக்குத் தீனி போட்டுவிட்டு நீ பட்டினி கிடக்கிறாயா என்று எழுது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

இந்தத் தடவையும் வாடல் நோய் வந்துவிட்டது. காலையில் நிமிர்ந்து நின்ற செடி மதியம் தலையைத் தொங்கப்போடுகிறது, பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகிக் கிடக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வேலிக்கு அந்தப் பக்கம் உன் சித்தியின் தக்காளி மட்டும் கொழுகொழுவென்று நிற்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரே மண், ஒரே கிணற்றுத் தண்ணீர், உன் அப்பாவும் சித்தப்பாவும் பிரித்துக்கொண்ட ஒரே தோட்டம். வயிறு எரிந்தது, மறைப்பானேன். அப்பாவோ, "நீ பார்க்கிற பார்வைக்கு அந்தச் செடி இந்நேரம் கருகியிருக்கணுமே" என்று சிரிக்கிறார்.

துணி காயப்போடுகிற சாக்கில் வேலியோரம் நின்று கவனித்தேன். மக்கிய எருவில் ஏதோ பச்சைப் பொடியைக் கலந்து, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்தாள். சில நாள் கழித்து அதை அள்ளி வேரடியில் போட்டாள். உரக்கடைக்காரரிடம் நைசாக விசாரித்தேன். "அது நல்ல பூஞ்சைம்மா, வேரைச் சுத்தி இருந்துக்கிட்டு கெட்ட பூஞ்சையைத் தின்னுடும்" என்றார். நானும் வாங்கி வந்து அதே மாதிரி செய்தேன். ஆனால் அவள் செடியைவிட என் செடி ஒரு படி மேலே நிற்க வேண்டாமா? வீட்டிலிருந்த பூஞ்சைக்கொல்லி மருந்தையும் கரைத்து அதன் மேலேயே ஊற்றினேன். இன்னும் இரண்டு பாத்தி போயிற்று.

அவளும் என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஓடி வந்து, "ஐயோ அக்கா, அது உயிருள்ள பொடி, மருந்தை ஊத்தினா அதுவும்தானே செத்துப்போகும்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தன் எருவிலேயே பாதியைச் சுமந்து வந்து மீதிப் பாத்திகளுக்குப் போட்டாள். இப்போது அவை பூவெடுத்திருக்கின்றன. நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "எனக்கு இதெல்லாம் எங்கேக்கா தெரியும், உங்க பொண்ணு போன்ல சொன்னதுதான். 'அம்மாகிட்ட நான் சொன்னா கேக்க மாட்டாங்க சித்தி, நீங்க செய்ங்க, பார்த்துட்டு அவங்களே செய்வாங்க'ன்னு சொன்னா."

அடிப்பாவி மகளே! என் பொறாமையை வைத்தே என்னை வேலை வாங்கியிருக்கிறாய். செடி பிழைத்ததில் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் சுபாவத்தைப் பற்றி நீயும் அவளும் பேசிச் சிரித்திருப்பீர்களே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. பத்து மாதம் சுமந்தவள் நான். அவளா சுமந்தாள்?

போகட்டும். நோய்நொடி இல்லாமல் மகராசியாக இரு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் எதுவானாலும் முதலில் என்னிடம் சொல். நான் கேட்க மாட்டேன்தான். இருந்தாலும் முதலில் என்னிடம் சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா