பாறைக்கு மேலே ஆரஞ்சுத் துண்டு

அக்கா,

காணும் பொங்கலுக்கு மலைக்குப் போகலாம் என்று உங்கள் மகன் போன் செய்திருந்தான். பரணிலிருந்து அந்தப் பெரிய கட்டைப்பையை இறக்கினேன். உள்ளே உங்கள் ஆரஞ்சுத் துண்டு நாலாக மடித்தபடி கிடந்தது. புளிசாதத் தூக்கைச் சுற்றிக் கட்டிக் கட்டியே அதில் ஏறிய நல்லெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. முகத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "பூச்சி கீச்சி இருக்கப்போவுது, ஒதறும்மே" என்று நீங்கள் பின்னால் நின்று அதட்டுவது போலவே இருந்தது.

ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள் நாம். நீங்கள் பூந்தமல்லி, நான் தென்காசிப் பக்கம். ஆவடி குவார்ட்டர்ஸில் அண்ணனுக்கும் தம்பிக்கும் எதிரெதிர் வீடு. வந்த புதிதில் நீங்கள் பேசுவது எனக்குப் பாதி புரியாது. "இன்னாம்மே, முழிச்சினு கீற?" என்று கேட்டீர்கள். திட்டுகிறீர்கள் என்று நினைத்து உள்ளே போய் அழுதேன். ஓரகத்திகள் இரண்டு பேரும் எப்போது முட்டிக்கொள்வார்கள் என்று குவார்ட்டர்ஸே காத்திருந்தது. பாவம், கடைசிவரை ஏமாந்துபோனார்கள்.

காணும் பொங்கலன்று ஊரே கடற்கரைக்கு ஓடும். உங்கள் வீட்டுக்காரருக்குக் கூட்டம் ஆகாது. அதனால் நமக்கு வருஷா வருஷம் ஊத்துக்கோட்டை தாண்டி அந்தச் சின்ன மலை. குழந்தைகளே ஏறிவிடுகிற மலைதான். ஆனால் பாதி வழியில் புளியமரத்தடிப் பாறை வந்ததும் நீங்கள் உட்கார்ந்துவிடுவீர்கள். மொட்டை மாடி விளிம்புக்கு வந்தாலே உங்களுக்குத் தலை சுற்றும். அதை வாய் திறந்து சொல்வீர்களா என்ன? பழியெல்லாம் குரங்கின் மேல்தான்.

"நீங்கல்லாம் போய்ட்டு வாங்க. நான் பைய பாத்துகினு குந்திகினு கீறேன். இல்லாங்காட்டி சோத்த கொரங்கு துன்னுட்டுப் பூடும்."

குரங்கை விரட்ட நீளமாக ஒரு கம்பும் கையில் இருக்கும். நாங்கள் உச்சியில் வேல் நட்டிருக்கும் இடத்துக்குப் போனதும், என் மகள் "பெரிம்மா!" என்று கத்துவாள், உங்கள் மகன் "யம்மோவ்!" என்பான். கொஞ்ச நேரத்தில், கீழே புளியமரத்தடியை ஒட்டி நிற்கும் பெரும்பாறைக்கு மேலே, கம்பு நுனியில் கட்டிய ஆரஞ்சுத் துண்டு எழும்பி ஆடும். நீங்கள் தெரியமாட்டீர்கள், துண்டு மட்டும் தெரியும். அவ்வளவு தூரம் ஏறியதே அதைப் பார்க்கத்தான் என்பது போல எல்லோரும் குதிப்போம். இறங்கி வந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "என்னப் பாத்தியா?"

"பாக்காம? இன்னா குதி குதிச்ச! வுழுந்தா எவ தூக்கறது?"

என் அம்மா இறந்த வருஷமும் மலைக்கு வந்தேன். எல்லோரும் துண்டைப் பார்த்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, நான் வேலுக்குப் பின்னால் திரும்பி நின்று சத்தமில்லாமல் அழுதேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்கே தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவள் போல இறங்கி வந்தேன். நீங்கள் தட்டை என் கையில் வைத்து மெல்லச் சொன்னீர்கள்: "மேல நின்னு அழுதல்ல? பாத்தேன். துன்னு மொதல்ல." எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. அம்மாவுக்குப் பிறகும் என்னைக் கவனிக்க ஓர் ஆள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

நீங்கள் இல்லாத முதல் பொங்கலுக்கு யாரும் மலைப் பேச்சையே எடுக்கவில்லை. இந்த வருஷம் உங்கள் பேத்தி ஒரே அடம். அண்ணனும் தம்பியும் முட்டி வலியைச் சொல்லி டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். புளியமரத்தடி வந்ததும் நான் முந்திக்கொண்டு பையை இறக்கி வைத்தேன். அங்கிருந்து நீங்கள் என்னதான் பார்த்தீர்கள் என்று ஒரு தடவையாவது நானும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. உங்கள் மகன் எங்கிருந்தோ ஒரு கம்பு தேடிக் கொடுத்தான்.

"சின்னாயா, ஆயா மாரியே துண்டு ஆட்டுவியா?" என்றாள் குட்டி.

"ஆட்டுதேன் தாயி, பாத்துப் போ."

அரை மணி கழித்து மேலிருந்து கத்தல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பெரும்பாறை, அதற்கு மேல் வானம். வலப்பக்கம் நகர்ந்தால் புளியங்கிளைகள் மறைக்கின்றன. இடப்பக்கம் சரிவு, கால் வைக்க முடியாது. வேலும் தெரியவில்லை, ஒரு தலையும் தெரியவில்லை. அங்கிருந்து ஒன்றுமே தெரியாதே, அக்கா! இத்தனை வருஷமும் சத்தத்தை வைத்துத்தான் கம்பைத் தூக்கியிருக்கிறீர்கள்.

பிள்ளைகள் குதித்திருப்பார்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஆனால் நான்? சத்தம்கூட வராமல்தானே அழுதேன்.

நீங்கள் உட்காரும் பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நீங்கள் வேண்டும் போல இருந்தது. மேலே "சின்னாயா! சின்னாயா!" என்ற குரல் கொஞ்சம் கொஞ்சமாக உடைய ஆரம்பித்தது. அப்புறம்தான் நினைவு வந்து, அவசரமாகத் துண்டைக் கம்பில் முடிந்து எவ்வளவு உயரத்துக்கு எட்டுமோ அவ்வளவு உயரத்துக்குத் தூக்கினேன். மேலே ஒரே ஆரவாரம். கை கடுக்கும்வரை ஆட்டினேன்.

குட்டிதான் முதலில் ஓடி வந்தாள். "என்னப் பாத்தியா?"

"பாக்காம? இன்னா குதி குதிச்ச! வுழுந்தா எவ தூக்கறது?"

எத்தனை வருஷமானாலும் தென்காசித் தமிழை விடாத என் வாயில் அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் மகன் கடைசியாக இறங்கி வந்தான். பாட்டில் தண்ணீரில் முகம் கழுவியிருந்தான். எல்லோரிடமும் சிரித்துப் பேசினான். நான் புளிசாதத்தைத் தட்டில் போட்டு அவன் கையில் வைத்தேன்.

"மேல நின்னு அழுதல்ல? பாத்தேன். துன்னு மொதல்ல."

 அவன் என் பக்கத்தில், அந்தப் பாறையிலேயே, சாப்பிட உட்கார்ந்தான். இனிமேல் எந்தக் காணும் பொங்கலுக்கும் பைக்கு நான்தான் காவல், அக்கா.