சின்னவ யாரு?

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அத்தானைக் கேட்டதாச் சொல்லு. போன்ல பேசினா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி "அப்புறம், அப்புறம்"னு சொல்லியே வச்சிடுறோம். இனிமே பழையபடி கடிதம்தான்னு நீ சொன்னது ரொம்பச் சரி. ஆனா இதைப் படிச்சிட்டுச் சிரிக்கக் கூடாது.

கடையில அந்த ஆளோட சண்டை முத்திப் போச்சு. அதான், வீடு வீடாப் போய் ஜன்னல் அளந்துக்கிட்டு வருவாரே, அளவுக்காரர். அவர் கொண்டு வர்ற சீட்டை நம்பித்தான் நாங்க திரைச்சீலை வெட்டித் தைக்கிறோம். அந்த ஆளுக்கு ஜன்னலை அளக்கத் தெரியும், கம்பியை அளக்கத் தெரியாது. திரை தொங்குற கம்பி ஜன்னலுக்கு மேல தள்ளி, ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்குமில்ல, அதுக்கும் சேர்த்துத் துணி வேணுமா வேண்டாமா? போன வாரம் ஒரு டாக்டர் வீட்டுக்குத் தைச்சது தரைக்கு ஒரு ஜாண் மேலயே நின்னுடுச்சு, முக்கால் பேன்ட் போட்ட மாதிரி. முதலாளி என்னைத் திட்டினார். நான் அந்த ஆளைப் பிடிச்சேன். "டேப் குட்டையா, இல்ல புத்தி குட்டையா"ன்னு கேட்டேன். "உங்க நாக்கை அளந்தா ரெண்டு ஜன்னலுக்குத் துணி வரும்"னார். கடையே சிரிச்சுது. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

விஷயம் அது இல்ல. நேத்து, மாதிரித் துணிகள் தொங்குமே, அந்த வரிசைக்குப் பின்னால தரையில உக்காந்து விளிம்பு மடிச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் முதலாளியம்மாவும் எங்க பெரிய தையல்காரம்மாவும் வந்து நின்னாங்க. முதலாளியம்மா சொல்றாங்க: "பாவம் நம்ம அளவுக்காரப் பையன். சின்னவளைப் பார்த்துட்டா டேப்ல எந்த முனை ஒண்ணு, எந்த முனை அறுபதுன்னே தெரியல அவனுக்கு. அளவெல்லாம் தப்பாகுறது அதனாலதான்." தையல்காரம்மா, "மெதுவாப் பேசுங்க, அவ காதுல விழுந்தா அப்புறம் தலைகால் புரியாது"ங்கறாங்க.

கடையில தைக்கிறது ரெண்டே பேர். அந்தம்மா பெரியவங்க. அப்ப சின்னவ யாரு? பொறந்ததுலேர்ந்து என்னை வேற எப்படித்தான் யாரு கூப்பிட்டாங்க?

விரல்ல ஊசி ஏறினது கூடத் தெரியல எனக்கு. அந்த ஆளா? என்னையா? கோபமா, பயமா, வேற ஏதாவதான்னு சொல்லத் தெரியல. அத்தான் விஷயத்துல உனக்கு எப்படிடீ தெரிஞ்சுது? அதை எழுது.

உன் குழம்பிப் போன
சின்னவ

*

மார்ச் 11

அடி சின்னவளே,

சிரிக்கலை. கொஞ்சமாத்தான் சிரிச்சேன்.

ஒரு ஆம்பளை உன்கிட்ட இவ்வளவு திட்டு வாங்கிட்டும் மறுநாள் அதே மேசைக்கு வந்து நிக்கிறான்னா, ஒண்ணு அவனுக்குச் சொரணை இல்ல, இல்ல உன் மேல ஆசை. ரெண்டுல எதுன்னு ஒரு டீ ஊத்திக் கொடுத்துப் பார்த்தாத் தெரிஞ்சிடும். வாயை மட்டும் கொஞ்சம் அடக்கு. அம்மா இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாங்க, என்ன, ஒரு குட்டு வச்சுச் சொல்லியிருப்பாங்க.

அத்தானைக் கேட்டிருக்கே. என்னத்தைச் சொல்ல? மருந்துக் கடையில நாள் பூரா நின்னு கால் வீங்கி வீட்டுக்கு வர்றேன். வந்து பார்த்தா வெந்நீர் போட்டு வச்சிருப்பார். "காலை நீட்டு ராசாத்தி"ம்பார். நான் வேண்டாம்னாலும் விடமாட்டார். எங்களுக்குள்ள இத்தனை வருஷத்துல ஒரு சண்டை வந்ததில்ல. உனக்கும் அப்படி ஒருத்தர் அமையணும்.

டீக்குச் சர்க்கரை எத்தனைன்னு கேட்டுப் போடு. கேட்கிறதுதான் முக்கியம்.

உன்
பெரியவ

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டேன். "உங்க கையால கொடுத்தா விஷமா இருக்குமோன்னு யோசிக்கிறேன்"னார் அவர். நான் பதிலுக்குத் திட்டாம டம்ளரை நீட்டினேன். அவருக்கு அது ஆச்சரியமாப் போச்சு. டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பார்த்துட்டு நின்னார். மறுநாள் சீட்டுல ஜன்னல் அளவுக்குப் பக்கத்துலயே கம்பி அளவும் இருந்துச்சு. கீழ, "சரியா?"ன்னு ஒரு கேள்வி. அதுக்கப்புறம் தினம் டீ. சண்டையும் தினம் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா சண்டை போட ஆள் எப்ப வருவார்னு வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். இது என்ன மாதிரி சண்டை?

நேத்து, துணி உருளையை எனக்காகத் தோள்ல தூக்கிட்டு வந்து வச்சுட்டு, சுவரைப் பார்த்துக்கிட்டே சொல்றார்: "ஒரு வீடு பார்த்திருக்கேன். நம்ம ஜன்னலுக்கு நீயே அளவு எடுத்துக்க. நான் எடுத்தா திட்டுவ." "நம்ம"ன்னார் அக்கா. "நீ"ன்னும் சொல்லிட்டார். ரெண்டையும் ஒரே மூச்சுல. யோசிச்சுச் சொல்றேன்னு உள்ள ஓடி வந்துட்டேன். யோசிக்க என்ன இருக்கு, சரின்னுதான் சொல்லப் போறேன்.

இவ்வளவும் எழுதி ஒட்டாம வச்சிருந்தேன். இப்பப் பிரிச்சு எழுதறேன். கையெழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்க.

இன்னிக்கு முதலாளியம்மா மாடிப்படிக்குக் கீழ நின்னு "சின்னவளே, சின்னவளே"ன்னு கூப்பிட்டாங்க. நான் எழுந்துட்டேன். என்னைத் தாண்டி ஒரு பொண்ணு, "வர்றேன்மா"ன்னு ஓடுது. முதலாளியோட ரெண்டாவது பொண்ணு. வெளியூர்ல படிச்சிட்டு ரெண்டு மாசம் முன்னால வந்தாளாம், கடையில நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன். அவதான் சின்னவ.

மத்தியானம் அவளே என் பக்கத்துல வந்து உக்காந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொல்றா. அளவுக்காரரை மாப்பிள்ளை ஆக்கிக்கணும்னு அவ அம்மாவுக்கு ஆசையாம். இவ பிடி கொடுக்கலையாம். அவன் உனக்காக உருகுறான்னு காதுல விழுந்தா மனசு இளகும்னு, இவ துணி பார்க்க வர்றேன்னு சொன்ன நேரமாப் பார்த்து அம்மாவும் தையல்காரம்மாவும் நாடகம் போட்டாங்களாம். "நான்தான் அன்னிக்கு அங்க இல்லவே இல்லையே. பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துக்கிட்டு இருந்தேன். அந்த ஆள் என்னை நிமிர்ந்து கூடப் பார்த்தது கிடையாது. எல்லாம் அம்மா கட்டின கதை"ங்கறா.

பார்த்தியா அக்கா? அது பொய். அந்தப் பொய்யும் எனக்குச் சொன்னது இல்ல. வேற ஒருத்திக்கு வச்சிருந்த பொய்யை எடுத்து நான் உடுத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். இப்ப அவர் வந்து நம்ம ஜன்னல்ங்கறார். நான் என்ன சொல்லட்டும்?

சின்னவ
(இப்படிக் கையெழுத்துப் போடவே கூசுது)

*

ஏப்ரல் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

நீதான் சின்னவ. வேற எவளும் இல்ல. முதல்ல அதை மனசுல போட்டுக்க.

இதுல அழறதுக்கு என்ன இருக்கு? முதல் கடிதத்துல "அந்த ஆள்"னு எழுதினே. போன கடிதத்துல பக்கம் பூரா "அவர், அவர்"தான். நீயே எடுத்துப் பாரு, இல்ல உன்கிட்ட இருக்காது, என்கிட்டதான் இருக்கு. நான் பார்த்துட்டேன். டீ கொடுத்தது நிஜம். வீடு பார்த்தது நிஜம். அப்புறம் எவ எதைக் கட்டிச் சொன்னா என்ன?

அவர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடாத. எல்லா நிஜத்தையும் புருஷன் முன்னால கொட்டணும்னு சட்டம் ஒண்ணும் கிடையாது. சில விஷயத்தைச் சொல்லாம இருந்தாத்தான் குடும்பம் அமைதியா நடக்கும். எங்களைப் பாரு.

பெரியவ

*

ஏப்ரல் 15

அக்கா,

உன்னைத்தான் பார்த்தேன். பார்த்துத்தான் முடிவு பண்ணியிருக்கேன்.

சொல்லாம இருக்க என்னால முடியல. அவர் டம்ளரை வாங்கும்போதெல்லாம், இவர் மனசுல ஒண்ணுமே இல்லாதப்ப ஆசை இருக்கிறதா நினைச்சுக்கிட்டு நானே போய் விழுந்தேனேன்னு வெட்கமா இருக்கு. என்ன பண்றதுன்னு தெரியாம உன் பழைய கடிதங்களை எடுத்து வச்சுப் படிச்சேன். அத்தான் உனக்கு வெந்நீர் போடறார். ராசாத்திங்கறார். குடைக்குள்ள உன்னை நடக்கவிட்டு அவர் நனைஞ்சதை எழுதியிருக்கே. அன்புன்னா அப்படி இருக்கணும். யாரும் வரிசைக்குப் பின்னால நின்னு சொல்லிக் கொடுக்காம, தானா வரணும். இவர் ஒரு நாளாவது கால் வலிக்குதான்னு கேட்டிருக்காரா? "உன் நாக்கு, உன் நாக்கு"ன்னுதான் பேச்சு.

வேண்டாம்னு சொல்லிடப் போறேன். வேற கடையில இடம் இருக்கான்னும் கேட்டு வச்சிருக்கேன்.

சின்னவ

*

ஏப்ரல் 18

வேண்டாம்னு சொல்லிடாதடி. கையெடுத்துக் கும்பிடறேன்.

வெந்நீர் நான்தான் போட்டுக்கறேன். குடை என்கிட்ட ஒண்ணு, அவர்கிட்ட ஒண்ணு. ராசாத்தின்னு என்னை யாரும் கூப்பிட்டதில்ல, அப்பா தவிர. அத்தான் கெட்டவர் இல்ல, அடிக்கல, திட்டல. சாப்பாடு நல்லா இருக்குன்னு சொல்லுவார். உப்பில்லாம வச்சாலும் சொல்லுவார், ஒரு தடவை வேணும்னே வச்சுப் பார்த்திருக்கேன். எங்களுக்குள்ள சண்டை வந்ததில்லைன்னேனே, அது மட்டும்தான் நிஜம். சண்டை போட ஒரு விஷயம் வேணுமே.

நீ அம்மா போன துக்கத்துல இருந்தே. அக்கா நல்லா இருக்கான்னு நினைச்சா உனக்குத் தூக்கம் வரும்னு ஒரு வரி எழுதினேன். அடுத்த கடிதத்துல அவர் எப்படி இருக்கார்னு கேட்டே. அதுக்கு இன்னொரு வரி. அப்படியே வளர்ந்து போச்சு. அவரோட ஒப்பிட்டு உன் ஆளை வேண்டாம்னு சொல்லாத. அந்த அத்தான் கிடையாது. உன் ஆளாவது இருக்கார், வந்து நின்னு சண்டை போடறார்.

அக்கா

*

ஏப்ரல் 27

அக்கா,

உன் மேல எனக்கு இருக்கிற கோபத்தை அப்புறம் எழுதறேன். நேர்ல வந்து ரெண்டு போட்டாத்தான் தீரும். முதல்ல இதைக் கேளு.

எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லிட்டேன். மாதிரித் துணி வரிசைக்குப் பின்னாலயே கூட்டிட்டுப் போய்ச் சொன்னேன். முதலாளியம்மா சொன்னது, சின்னவன்னு நான் நினைச்சது, அதனாலதான் டீ. முகம் சுண்டிப் போச்சு அவருக்கு. "அப்ப அது இல்லாட்டி என்னைத் திரும்பிக் கூடப் பார்த்திருக்க மாட்ட"ன்னார். ஆமான்னேன். டேப்பைச் சுருட்டிப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டார். ரெண்டு நாள் கடைப்பக்கமே காணோம். நான் அழுதேன், சொல்றதுக்கு என்ன.

முந்தாநாள் வந்தார். நேரா என் மிஷின் முன்னால நின்னு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமா: "அவங்க யாரைப் பத்தி வேணும்னாலும் பேசியிருக்கட்டும். டீ எனக்குத்தானே கொடுத்த? இல்ல அதுவும் ஆள் மாறாட்டமா?" உனக்குத்தான்னேன். என் வாயில "உனக்கு"ன்னு வந்துடுச்சு. "அப்ப ஏன் ரெண்டு நாளா டீ இல்ல"ங்கறார். ஆளே வராம டீ எப்படிக் கொடுக்கிறதுன்னு நான் கத்த, அவர் பதிலுக்குக் கத்த, முதலாளியம்மா முகத்தைப் பார்க்கணுமே நீ.

அடுத்த மாசம் கல்யாணம். கையெழுத்துப் போட்டுட்டு ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். நீயும் அத்தானும் வரணும். எந்த அத்தான்னு எனக்கே தெரியல, வெந்நீர் போடறவரா, போடாதவரா. இத்தனை வருஷமா நான் கும்பிட்டுக்கிட்டு இருந்தது யாரை? உனக்கு ஒரு கஷ்டம்னா எனக்குச் சொல்லக் கூடாதா? நான் என்ன வேத்து ஆளா? பதில் போடு.

உன் சின்னவ

*

மே 6

சின்னவளே,

உன் கடிதத்தை மேசை மேல வச்சிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தா அவர் படிச்சுக்கிட்டு இருக்கார். அவர் என் கடிதத்தைத் தொட்டதே இல்ல. முதல் பக்கம் கீழ விழுந்துதாம், எடுத்தாராம், டீ விவகாரம் சுவாரசியமா இருந்துதாம். நிமிர்ந்து, "நான் எப்ப வெந்நீர் போட்டேன்?"னார்.

மறைக்க ஒண்ணும் தோணல. அவரைப் பத்தி உனக்கு என்னென்ன எழுதினேன்னு எல்லாத்தையும் சொன்னேன். குடை, ராசாத்தி, காய்ச்சல்ல என் தலைமாட்டுலயே உக்காந்திருந்தது. பரீட்சைக்குப் பாடம் கேட்கிற மாதிரி கேட்டுக்கிட்டார். கடைசியில, "நல்ல ஆளாத்தான் இருக்கான்"னார். "ஆமா, அவனோடதான் இத்தனை வருஷமா குடித்தனம் பண்றேன்"னேன். எழுந்து போயிட்டார்.

மறுநாள் நான் கடையிலேர்ந்து வந்தா, கூடத்துல வாளி. வெந்நீர். பக்கத்துல துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு அவர். "காலை நீட்டு"ன்னார். அடுத்த வார்த்தை அவருக்கு வாயில வரல. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகை வந்துச்சு, கடைசியில கோபம்தான் நின்னுச்சு. இது யாரு போட்ட வெந்நீர்? இவரா, நான் எழுதினவரா? நான் சொல்லிக் கொடுத்ததை எனக்கே திருப்பிக் கொடுத்தா அதை எப்படி வாங்கிக்கிறது? உனக்கு நான் எவ்வளவு சுலபமா "எவ எதைச் சொன்னா என்ன"ன்னு எழுதினேன், பார்த்தியா. எனக்கு இது வேண்டாம், கொண்டு போய்க் கொட்டுங்கன்னு சொல்லிட்டேன்.

கொட்டினார். வாளியைத் தரையில போட்டார் பாரு, சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது. முகமெல்லாம் சிவந்து, "பின்ன உனக்கு என்னதான்டி வேணும்?"னு கத்தினார். என்கிட்ட அவர் கத்தினதும் அதுதான் முதல் தடவை, அந்தக் கேள்வியைக் கேட்டதும் அதுதான் முதல் தடவை.

எனக்குப் பதில் தெரியல சின்னவளே. இத்தனை வருஷம் அவர் கேட்கலைன்னு மனசுக்குள்ள குறைப்பட்டுக்கிட்டே இருந்துட்டு, கேட்டதும் முழிக்கிறேன். யோசிச்சுச் சொல்றேன்னேன். "சரி, யோசி, நான் எங்கயும் போகல"ன்னு எதிர் நாற்காலியில உக்காந்தார். இன்னிக்கு லீவு போட்டுட்டு மறுபடி அதே நாற்காலி. நான் உனக்கு எழுதறதைப் பார்த்துக்கிட்டு இருக்கார். கல்யாணத்துக்கு நான் கட்டாயம் வர்றேன். எத்தனை பேர்னு இப்ப என்னைக் கேட்காத.

நீ எப்படி இருக்கே? புது வீட்டுல தண்ணி வசதி எப்படி? ஜன்னல் கிழக்கா மேற்கா? வெயில் அடிக்கிற பக்கமா இருந்தா கனமான துணியாப் போடு. உன் ஆளுக்கு என்ன நிறம் பிடிக்கும்? எழுத வேற ஒண்ணும் இல்லடி. நான் பேனாவை மூடினதும் எதிர்ல இருக்கிறவர் மறுபடி அதையே கேட்பார், அதான் இழுத்துக்கிட்டு இருக்கேன்.

அக்கா